மேல் காந்தாரத்தைத் தாண்டி

ஜூன் 8, ஞாயிறு

திருவொற்றியூரில் பாட்டு மிஸ் வீட்டில் கர்நாடக சங்கீத வகுப்பு. தியாகராஜர் வந்து தங்கி, திரிபுரசுந்தரி அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடிய ஊர். நான் இன்னும் ஆரம்பப் பாடமான மேல் ஸ்தாயி வரிசையில்தான் நிற்கிறேன்.

சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஸ்வரம், ஒரு கட்டை. மேல் ஷட்ஜம் (ஸ), ரிஷபம் (ரி) வரை கனமான குரல் தாராளமாகப் போகிறது. காந்தாரத்தில் (க) கழுத்து நரம்பு புடைக்கிறது. மத்யமத்தை (ம) தொட்டதும் டப்பென்று சறுக்கி மெல்லிசாக ஒரு கள்ளக்குரல். சுருதி சேர்ந்துதான் இருக்கிறது, பாடுகிற ஆள்தான் வேறு.

இதுவரை யாரைக் கேட்டாலும் "அடி வயித்துலேர்ந்து நல்லா குடுப்பா" என்பதுதான் பதில். மிஸ் சொன்னது நேர் எதிர். "கத்தாதீங்க தம்பி. ரிஷபத்துலயே கனத்தைக் கொஞ்சம் இறக்கிடுங்க. காந்தாரம் வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா லேட்டு."

ஜூன் 10, செவ்வாய்

போனில், ஸ்வரத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் ட்யூனர் போட்டுப் பார்த்தேன். குரல் உடைவது 330 ஹெர்ட்ஸுக்கும் 350-க்கும் நடுவில். ஒரு கட்டையில் மேல் ஷட்ஜம் சுமார் 262, அந்தர காந்தாரம் (காந்தார வகைகளில் உயர்ந்தது; அதற்கு ஒரு படி கீழே சாதாரண காந்தாரம்) 330, சுத்த மத்யமம் 349. ஆண்களில் நிறைய பேருக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் தகராறு.

குரல்நாணுக்குள்ளேயே ஒரு தசை ஓடுகிறது. அது நாணைக் குறுக்கித் தடிமனாக்கும். வெளியே இன்னொரு தசை, குருத்தெலும்பைச் சாய்த்து நாணை இழுத்து மெலிதாக்கும். கீழே பாடும்போது முதலாவதன் ராஜ்ஜியம்; மேலே போகப் போக இரண்டாவது கைக்கு வர வேண்டும். முதலாவது கடைசி வரை பிடிவாதமாக இருந்துவிட்டு ஒரேயடியாக விட்டால்தான் அந்த 'டப்'. ஆக, குறை பலத்தில் இல்லை, கைமாற்றுவதில் இருக்கிறது. அடி வயிற்றிலிருந்து தள்ளினால் முதல் தசைக்குப் பிடிவாதம் கூடத்தான் செய்யும்.

குரல்நாண் வேலை செய்வதை 1854-இல் தன் தொண்டைக்குள்ளேயே பார்த்தவர் டாக்டர் இல்லை, மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். பல் வைத்தியர்களுடைய சின்னக் கண்ணாடி, சூரிய வெளிச்சம், அவ்வளவுதான் கருவி. மனுஷன் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

ஜூன் 13, வெள்ளி

மிஸ் கொடுத்த வீட்டுப்பாடம்: அரை டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா. இளநீர்க் கடை அண்ணனிடம் கேட்டு நாலைந்து வாங்கி வந்தேன். ஸ்ட்ராவின் நுனியை ரெண்டு விரற்கடை ஆழத்தில் வைத்துக்கொண்டு, 'ஊ' என்று கீழ் பஞ்சமத்திலிருந்து (ப) மேல் பஞ்சமம் வரை வழுக்கிக்கொண்டே போக வேண்டும். ஸ்வரம் ஸ்வரமாக நிறுத்தக் கூடாது.

கண்ணால் பார்க்க முடிகிறது என்பதுதான் இதில் சௌகரியம். கீழே பாடும்போது குமிழிகள் பொடிப்பொடியாக, சீராக வருகின்றன. காந்தாரம் நெருங்கும்போது என்னை அறியாமல் மூச்சைத் தள்ளுகிறேன் போல. தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி மூக்கில் தெறிக்கிறது. அடுத்த நொடி குமிழியே இல்லை. அங்கேதான் உடைகிறது. குமிழி மாறாமல் பார்த்துக்கொண்டே ஏறினால் குரல் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் கடந்துவிடுகிறது. வாய் பாதி அடைத்திருப்பதால் காற்று கொஞ்சம் பின்னால் தள்ளி நாண்களுக்கு முட்டுக்கொடுக்கிறது, அவை ஒன்றோடொன்று மோதுவதும் குறைகிறது.

ஸ்ட்ராவை எடுத்துவிட்டு 'ஆ' பாடினேன். பழைய குருடி.

ஜூன் 17, செவ்வாய்

நைட் ஷிப்ட். அதற்கு மேல் ராத்திரி பதினோரு மணிக்குப் பிரியாணி. காலையில் தொண்டையில் புளிப்பு, குரல் கட்டியிருக்கிறது. பாடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று மேலிருந்து கீழே. மெல்லிய குரலில் மேல் பஞ்சமத்தைப் பிடித்து, 'ஊ'வில் மெதுவாக இறங்கி, அதே குரலை ரிஷபம், ஷட்ஜம் வரை கொண்டுவர வேண்டும். ஏறும்போது கனத்தை விட மனசு வருவதில்லை. இறங்கும்போது விடுவதற்கு ஒன்றுமே இல்லை, அதனால் சுலபம். கீழே வந்து சேர்ந்ததும் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், கனம் எந்த இடத்தில் வந்து ஒட்டுகிறது என்று தெரிகிறது.

இன்னொரு சங்கதி: 'ஆ'வைக் காந்தாரத்தில் அப்படியே அகலமாகத் திறந்து வைக்காமல், உள்ளுக்குள் ஒரு சிட்டிகை 'ஓ' சேர்த்தால் தொண்டை இறுகுவதில்லை. "கேக்கறவங்களுக்கு அகாரமாத்தான் கேக்கணும், ஓகாரம்னு தெரிஞ்சா போச்சு" என்று மிஸ் எச்சரித்தார்.

மாடி வீட்டு அக்கா, "என்னப்பா, தினமும் ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிடுறே?" என்றார். கன்டெய்னர் லாரி ஹாரனுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஜூன் 28, சனி

காசிமேட்டில் ஒரு துக்க வீடு. ராத்திரி கானா. என் சிநேகிதன்தான் பாடினான். மைக் இல்லை, டோலக்கும் சட்டியும்தான். கனமான குரலையே மேலே மேலே ஏற்றிக்கொண்டு போய், உச்சியில் 'ஆத்தா' என்ற இடத்தில் குரலை வேண்டுமென்றே உடைத்தான். மூலையில் உட்கார்ந்திருந்த கிழவி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

டீ குடிக்கும்போது ஸ்ட்ரா விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். "மச்சி, அந்த இடத்துல உடையலன்னா எவன்டா அழுவான்?"

அவன் சொல்வதும் நியாயம்தான். சந்திரபாபு யோட்லிங் என்று பாடியதும் இந்த உடைப்பை வைத்துத்தானே. இரண்டு குரலுக்கும் நடுவே வேண்டுமென்றே தாவித் தாவி விளையாடுவது. நினைத்த இடத்தில் உடைக்கிறவனுக்கு உடைப்பும் ஒரு சங்கதி. எனக்கு அது கேட்காமலே வருகிறது, அதுதான் பிரச்சினை. ஆனால் விடிய விடிய அப்படிப் பாடிவிட்டு இரண்டு நாள் அவனுக்குப் பேச்சே வராது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

மெதுவான சௌக்க காலத்தில் மேல் மத்யமம் வரை இப்போது ஒரே குரல். வேகமான துரிதத்தில் இன்னும் சறுக்குகிறது.

மிஸ் சுருதியை ஒன்றரைக் கட்டைக்கு ஏற்றினார். மோசமாகும் என்று பார்த்தால், வரிசை பாடும் ராகமான மாயாமாளவகௌளை இன்னும் சுத்தமாக வந்தது! பிறகுதான் கணக்கு புரிந்தது. உடையும் இடம் ஸ்வரத்தோடு நகராது, அதே 330-350தான். ஒன்றரையில் அது ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே விழுகிறது. அங்கே ராகத்தில் ஸ்வரமே கிடையாது, பெரிய தாண்டல். குரல் மாறுவது அந்தத் தாண்டலுக்குள் மறைந்துவிடுகிறது.

மிஸ்ஸிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்படியா? அடுத்த வாரம் இதே சுருதியில கரகரப்ரியா ராகம். சாதாரண காந்தாரம் சரியா அங்கதான் உட்காரும். நீட்டிப் பிடிச்சு நில்லுங்க, பாப்போம்."