கால்ல சூடே இல்லையே

குதிரைக்கு மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை. கீழுதடு தொங்கி, எச்சில் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் தலையைத் தோளில் தாங்கி நின்ற அண்ணன் கிண்டி லாயத்தில் வேலை பழகியவர். காலில் கோளாறு இருந்தால் தொட்டாலே சூடு தெரியும் என்பது அவர் கற்ற பாடம். "கால்ல சூடே இல்லையே தம்பி. தினம் ராத்திரி தடவிப் பாத்துட்டுதான் படுக்கப் போறேன். இந்த ஸ்கேன் எதுக்கு?" என்றார்.

"சூடு தெரியுறப்போ எல்லாம் முடிஞ்சிருக்கும்ணே."

"அப்போ என் கை எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் அடுத்த காலின் படங்களைச் சேமிக்கத் திரும்பிவிட்டேன். இரண்டொரு நாளில் முடிவு வந்தது: அந்தக் குதிரைக்கு ஆஸ்திரேலியாவின் பெரிய பந்தயமான மெல்போர்ன் கோப்பையில் ஓட அனுமதி இல்லை.

முடிவெடுத்தது நான் இல்லை. நான் படம் எடுப்பவன், பார்த்துச் சொல்வது மருத்துவர்கள் குழு. ஆனாலும் அன்று அந்த அறையில் அவருக்குப் பதில் சொன்னவன் நான்தானே.

கோப்பையில் 24 இடங்கள்தான். குதிரை சுமக்க வேண்டிய எடை, முந்தைய வெற்றிகள் என்று வரிசை போட்டு, மேலே இருப்பவற்றை எடுப்பார்கள். 'பார்ட் கம்மிங்ஸ்' என்ற பந்தயம் மாதிரி சிலவற்றில் ஜெயித்தால் வரிசையில் நிற்காமலே இடம் கிடைக்கும். இந்தக் குதிரை ஓடி ஓடித்தான் அந்த வரிசையில் ஏறியது. கணுக்கால் மூட்டை ஒட்டிய எலும்பு முனை படத்தில் கொஞ்சம் அதிக வெள்ளையாகத் தெரிந்ததும் கதை முடிந்தது. எலும்பு அடர்ந்தால் அப்படித் தெரியும். உடையப்போகிறது என்பதற்கும் அது அறிகுறியாக இருக்கலாம், கடினப் பயிற்சிக்கு எலும்பு பழகிக்கொண்டதாகவும் இருக்கலாம். எல்லை எங்கே என்று மருத்துவர்களே வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஸ்கேனில் தேறினால்தான் ஓடலாம் என்ற விதி ஏன் வந்தது என்று கேட்டால் ஆன்டனி வான் டைக்கைச் சொல்வேன். இங்கிலாந்தில் 2019 எப்சம் டெர்பி பந்தயத்தை வென்ற குதிரை. 2020 கோப்பையில் ஓடும்போதே கால் உடைந்து, கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டிலிருந்து பரிசோதனைகள் இறுகின. இதை நினைத்தால் நான் சொன்னது சரிதான் என்று தோன்றும்.

அப்புறம் ஜான் புருகல் ஞாபகம் வரும். 2024இல் இங்கிலாந்தின் செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்றுவிட்டு வந்த குதிரை. ஸ்கேனைப் பார்த்துக் கோப்பையில் ஓடக்கூடாது என்றார்கள். பயிற்சியாளர் எய்டன் ஓ'பிரையன் வெளிப்படையாகவே கோபப்பட்டார். 2025 ஜூனில் அதே குதிரை எப்சமில் கொரோனேஷன் கோப்பையை வென்றது. அதற்காக மெல்போர்னில் தடுத்தது தவறு என்று ஆகிவிடுமா? நவம்பரில் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

1863இல் கூட ஒரு குதிரையைத் தடுத்தார்கள். முதல் இரண்டு கோப்பைகளையும் வென்ற ஆர்ச்சர். பொது விடுமுறையால், அது ஓடும் என்று உறுதி சொன்ன தந்தி தாமதமாகக் கிடைத்தது, ஏற்க முடியாது என்றுவிட்டார்கள். கோபத்தில் வெளி மாகாணத்துக்காரர்கள் தங்கள் குதிரைகளையும் விலக்கிக்கொள்ள, கடைசியில் ஓடியவை ஏழுதான். அது அநியாயம் என்று இன்று யாரும் சொல்லலாம், தந்தி அனுப்பியது உண்மை. எங்கள் விஷயத்தில் அப்படி எடுத்துக்காட்ட எதுவும் இல்லை. தடுத்தது சரியாக இருந்தால் ஒன்றும் நடக்காது, தவறாக இருந்தாலும் ஒன்றும் நடக்காது. குதிரை லாயத்தில் வைக்கோல் தின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஓய்வுக்குப் பிறகு அண்ணனின் குதிரை ஒரு கிராமத்து மைதானத்தில் ஓடி நான்காவதாக வந்தது. வீடியோ அனுப்பினார்: "பாத்தீங்களா தம்பி?"

"ஓய்வு குடுத்ததாலதான்ணே."

"காலு முதல்லயே நல்லாத்தான் இருந்துச்சு."

அதற்குமேல் இருவரும் எழுதவில்லை. வரும் சீசனில் வேறு குதிரையோடு வருகிறாராம். முதலில் அவரைத் தடவிப் பார்க்கச் சொல்லி, அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அப்புறம் படத்தைக் காட்டினால் என்ன என்று யோசிக்கிறேன். காட்ட எனக்கு அனுமதி இல்லை. அதோடு, அவர் கை சொல்வதும் படமும் ஒன்றாகவே இருந்துவிட்டால் எனக்கு நிம்மதியா என்றும் தெரியவில்லை.