ரீபில்ட் எஞ்சின் போட்ட பழைய சீ-டூ: வாங்கியதும் கழற்றியதும்

"ரீபில்ட் எஞ்சின், ஐந்து மணித்தியாலம்கூட ஓடவில்லை" என்று போட்டிருந்த ஒரு ஜெட் ஸ்கியை வாங்கியிருக்கிறேன். இப்போதைக்கு நன்றாக ஓடுகிறது. ஆனால் வாங்கிய கையோடு தண்ணீரில் இறக்கியிருந்தால் இந்த எஞ்சினும் இந்தக் கோடையிலேயே போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஒன்ராறியோவில் வசந்தம் வந்தால் இப்படியான விளம்பரங்களுக்குக் குறைவே இல்லை.

வண்டி 1997 சீ-டூ ஜிடிஎக்ஸ், மூன்று பேர் இருக்கலாம். கியூபெக்கில் வால்கோர்ட்டில் செய்தது, எஞ்சின் மட்டும் ஆஸ்திரியாவிலிருந்து வரும் ரோட்டாக்ஸ். 787 என்று சொல்வார்கள், உண்மையில் 782 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 110 குதிரைத்திறன். இந்த வயது வண்டியில் முதல் எஞ்சினே இன்னும் இருக்கிறது என்றால்தான் ஆச்சரியப்பட வேண்டும், அதனால் ரீபில்ட் என்பது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை.

விற்றவர் ஒறிலியாப் பக்கம். போவதற்கு முன்பே தொலைபேசியில் ஒன்று மட்டும் சொன்னேன்: நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பாதி விஷயம் மறைந்துவிடும். போனதும் முதல் வேலையாக சிலிண்டர் தலையில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சரி, மனுஷன் சொன்ன சொல் கேட்கிறவர்.

என்னோடு வந்த மச்சான் கார் மெக்கானிக், ஜெட் ஸ்கி பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவன் அவன்தான். நான் ரசீதுகளைப் புரட்டிக்கொண்டிருக்க, காதுக்குள் வந்து, "மச்சான், பழைய எஞ்சின் ஏன் போச்சுது எண்டு கேட்டியா?" என்றான். கேட்டோம். "வயதாகிவிட்டது" என்றார் விற்றவர். அது ஒரு பதிலே இல்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சும்மா வயதாகிச் சாவதில்லை, பெற்றோல் போதாமல் சூடேறிச் சாகும், ஒயில் போகாமல் சாகும், தண்ணீர் உள்ளே போய்ச் சாகும். எதனால் செத்தது என்று கண்டுபிடித்துத் திருத்தாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதே காரணம் அங்கேயே காத்துக்கொண்டிருக்கும்.

ரசீதில் என்ன இருந்தது என்றால், சிலிண்டரை ஒரு அளவு கூட்டி, 82 மில்லிமீட்டரிலிருந்து 82.25க்குக் கடைந்திருக்கிறார்கள், அதற்கேற்ற பிஸ்டன், ரிங், காஸ்கெட் செட். அவ்வளவுதான். பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் பற்றி ஒரு வரி இல்லை, கார்பரேட்டர் பற்றி இல்லை, பெற்றோல் குழாய் பற்றியும் இல்லை. இதை ரீபில்ட் என்று சொல்வது பொய்யில்லை, ஆனால் மேல்பாதி மட்டும்தான் ரீபில்ட். விலை பேசும்போது இந்த வித்தியாசத்துக்கு நல்ல மதிப்பு இருக்கிறது.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தோம். பிளக் இரண்டையும் கழற்றி, வயர்களை அதற்கென்று வண்டியிலேயே இருக்கும் எர்த் முனைகளில் குத்தி (இதைச் செய்யாமல் சுற்றினால் மின்னணுப் பெட்டி பழுதாகலாம், அது எஞ்சின் வேலைக்கு அடுத்தபடியாகக் காசு விழுங்கும் சாமான்), ஆக்ஸிலேட்டரை முழுதாகப் பிடித்துக்கொண்டு, ஊசி மேலே ஏறாமல் நிற்கும்வரை சுற்றினோம். ஒன்று 150 பிஎஸ்ஐ, மற்றது 147. இரண்டுக்கும் இடையில் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்திருந்தால் நான் பேசாமல் திரும்பியிருப்பேன். பிளக் ஓட்டைக்குள் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தபோது சுவரில் குறுக்குமறுக்காகத் தீட்டிய கோடுகள் அப்படியே தெரிந்தன. ஆக, கடைந்தது உண்மை, அதிகம் ஓடவில்லை என்பதும் உண்மை.

பிறகு ஸ்டார்ட் பண்ணிக் காட்ட வந்தார். தண்ணீர்க் குழாயைப் பூட்டி, முதலில் பைப்பைத் திறக்கப் போனார். நான் ஓடிப்போய் நிறுத்தினேன். இந்த வண்டிகளில் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் தண்ணீர் திறக்க வேண்டும், நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூடிவிட்டு அப்புறம் எஞ்சின். மாறிச் செய்தால் சைலன்ஸர் வழியாகத் தண்ணீர் பின்னோக்கிப் போய் சிலிண்டருக்குள் இறங்கும். பழைய எஞ்சின் அப்படித்தான் போனதோ என்று அந்த நிமிடம் நினைத்தேன். கீயை மாட்டியதும் இரண்டு தடவை பீப் அடித்தது, அதாவது அது இந்த வண்டியில் பதிவான கீ, பொத்தானைத் தொட்டதும் பிடித்தது. கரையில் நின்று அதிக நேரம் ஓட்டக் கூடாது, ஷாஃப்ட் சீலுக்கு (பம்பைச் சுழற்றும் தண்டைச் சுற்றித் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது) குளிரத் தண்ணீர் கிடைக்காது, அதனால் சட்டென்று நிறுத்தச் சொன்னேன்.

ட்ரெய்லரோடு சேர்த்து 3,200 டொலர் கேட்டவர், மேல்பாதிக் கதையைச் சொன்னதும் 2,500க்கு இறங்கினார். பின்பக்கத்தில் பொறித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண் லைசன்ஸில் இருப்பதும்தானா என்று ஒத்துப் பார்த்துக் காசைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சீற்றைத் தூக்கியதும் தெரிந்த விஷயம்தான் இந்தப் பதிவின் சாரம். பெற்றோல் குழாய்கள் எல்லாமே பழைய சாம்பல் நிறக் குழாய்கள். தொண்ணூறுகளின் சீ-டூ வைத்திருக்கிறவர்கள் டெம்போ குழாய் என்று சொல்லிப் பல்லைக் கடிப்பது இதைத்தான். உட்பக்கம் காலப்போக்கில் கரைந்து பச்சைப் பசையாகி பெற்றோலோடு சேர்ந்து ஓடும். ஒரு துண்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன், மருதாணி அரைத்துப் பூசியது போல உள்ளே அப்பியிருந்தது. கார்பரேட்டர் இரண்டையும் இறக்கினால், உள்ளே சின்ன விரல் நகத்தளவு ஒரு வலைச் சல்லடை இருக்கும், அதன் பாதிக் கண்கள் அதே பச்சையால் அடைபட்டிருந்தன. பழைய எஞ்சின் ஏன் போனது என்ற மச்சானின் கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். மெதுவாகப் போகும்போது இந்தச் சல்லடை தாக்குப்பிடிக்கும், முழு வேகத்தில் பெற்றோல் போதாது, கலவையில் காற்று கூடும், பிஸ்டன் சூடேறிச் சுவரோடு ஒட்டும். எஞ்சினைக் கடைந்தவர்கள் இதை ஏன் தொடவில்லை என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை, குழாய் மீற்றர் கணக்கில் வாங்கினால் சில பத்து டொலர்தான்.

கால் அங்குலக் கறுப்பு மரைன் குழாய் வாங்கி ஒவ்வொன்றாக மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், எது வரவு எது திரும்பல் என்று குழம்பிவிடும். ஆன்-ஆஃப்-ரிசர்வ் வால்வுக்குள்ளும் பசை, அதையும் மாற்றியாச்சு. கார்பரேட்டருக்கு, அதைச் செய்த மிக்குனியின் அசல் கிட் மட்டும்தான். மலிவுக் கிட்டில் வரும் ஊசியும் ஸ்ப்ரிங்கும் திறக்கும் அழுத்தத்தை மாற்றிவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

ஒயிலும் அப்படித்தான். தொட்டியில் என்ன ஒயில் என்று விற்றவருக்கே நிச்சயமில்லை. படகு மோட்டருக்கான டிசி-டபிள்யூ3 ஒயில் இந்த ரோட்டாக்ஸுக்கு ஆகாது, ஏபிஐ டிசி என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். முழுதாக வடித்து, புதிதாக ஊற்றி, ஒயில் பம்பின் சின்னத் திருகாணியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினேன். பம்பின் நெம்புகோலில் இருக்கும் கோடும் உடலில் இருக்கும் கோடும் நேராக நிற்கின்றனவா என்றும் பார்த்தேன். போதாக்குறைக்கு முதல் தொட்டிப் பெற்றோலில் ஐம்பதுக்கு ஒன்று ஒயில், 20 லீற்றருக்கு 400 மில்லி. கொஞ்சம் புகைக்கும், புகைத்துவிட்டுப் போகட்டும்.

பழக்கி ஓட்டும் முதல் பத்து மணித்தியாலத்துக்குச் சிம்கோ ஏரி. ஸ்கூகோக் ஏரி எங்களுக்குக் கிட்டத்தான், ஆனால் ஆழம் குறைவு, பாசி அதிகம். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரும் ஜெட் பம்பிலிருந்துதான் வருகிறது, வாயில் பாசி அடைத்தால் வேகமும் போகும், குளிர்ச்சியும் போகும். புது பிஸ்டன் ரிங்குக்கு அது தேவையில்லாத சோதனை. சிம்கோவில் ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போகாமல் கூட்டியும் குறைத்தும், முக்காலுக்கு மேல் கணநேரம் மட்டும் தொட்டு விட்டு ஓட்டினேன். அக்காவின் மகன் ஓட்டக் கேட்டான், அவனுக்குப் பதினைந்து, இங்கே பதினாறு ஆகாமல் ஓட்டக் கூடாது என்பது சட்டம், பின்சீற்றில் ஏற்றிப் போனதில் முகத்தைத் தூக்கிக்கொண்டே வந்தான்.

கரைக்கு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இரண்டும் இளம் பழுப்பு, கலவை சரி என்பதற்கு அடையாளம். பத்து மணித்தியாலம் முடிந்து கம்ப்ரஷன் திரும்பப் பார்த்ததில் இரண்டுமே 150ஐத் தொட்டு நிற்கின்றன. கீழ்ப்பாதி, கிராங்க் பெயரிங், இன்னும் பழையதுதான், அதற்கென்று 700 டொலரை ஒதுக்கி வைத்திருக்கிறேன், சத்தம் மாறினால் கழற்றுவேன். ஜெட் பம்புக்குள் சுழலும் இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் வெயர் ரிங்குக்கும் இடையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாகப் போகிறது, புறப்படும்போது பம்ப் வீணாகச் சுழன்று பிறகுதான் பிடிக்கிறது. புது வெயர் ரிங் வந்துவிட்டது, இந்தச் சனிக்கிழமை பம்பை இறக்கப் போகிறேன், பழைய ரிங்கை வெளியே எடுக்க எளிய வழி தெரிந்தவர்கள் அதற்கு முன் சொன்னால் உதவியாக இருக்கும்.