பரோலோ: பங்கு பிரிந்த சரிவுகளும் ஒரே பீப்பாயும்

இத்தாலியின் துரின் நகரில் வேலை பார்த்துவந்த நாள்களில், அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், தெற்கே இருக்கும் லாங்கே குன்றுகளுக்குப் போயிருந்தேன். பரோலோ என்னும் சிவப்பு ஒயின் பிறக்கும் இடம் அது. அல்பா நகரை ஒட்டிய 11 ஊர்களில் விளையும் நெபியோலோ திராட்சையை மட்டுமே கொண்டு, வேறு ரகம் எதுவும் சேராமல் அதைச் செய்ய வேண்டும் என்பது சட்டம். மூடுபனிக்கு இத்தாலிய மொழியில் ‘நெபியா’ என்று பெயர். திராட்சைக்கு அதிலிருந்தே பெயர் வந்தது என்று ஊரார் சொல்வதுண்டு. அன்று காலை லா மோர்ராவின் மேட்டில் நின்று, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாக மறைந்து கிடந்ததைப் பார்த்தபோது எனக்கும் அதை நம்பத் தோன்றியது.

அங்கே போகும்வரை, குடும்பத் தோட்டத்து ஒயின் என்றால் வீட்டைச் சுற்றி வேலி போட்ட ஒரே தோட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில், ஐந்து ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது மூன்று நான்கு இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது: தாத்தா வழி வந்தது ஒரு சரிவில், பாட்டி சீதனமாகக் கொண்டுவந்தது அடுத்த ஊரில், சித்தப்பாவின் பங்கை விலைக்கு வாங்கியது சாலைக்கு அப்பால். தலைமுறைதோறும் பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்ததன் விளைவு இது.

இப்படிச் சிதறிய நிலங்களின் திராட்சையைக் கலந்து ஒரே பரோலோவாகச் செய்வதுதான் பழைய முறை. அதில் கணக்கும் உண்டு. ஆலங்கட்டி மழை ஒரு சரிவின் கொத்துகளை அடித்து நொறுக்கினாலும் இன்னொரு சரிவு தப்பிவிடும். வெயில் கூடிய ஆண்டில் தெற்கு நோக்கிய மேடு அளவுக்கு மீறிப் பழுத்தால், சற்றுக் குளிர்ந்த மேடு அதைச் சமன்செய்யும். லா மோர்ரா மண்ணில் விளைந்தது மணம் மிகுந்து மென்மையாகவும், கிழக்கே செர்ராலுங்காவில் விளைந்தது துவர்ப்பேறி முறுக்காகவும் இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. கலவை என்றாலே குடும்பப் பெருமை என்று சொல்லிவிடவும் முடியாது. விவசாயிகளிடம் திராட்சையை வாங்கிப் பெரிய வியாபாரிகளும் ஒரு காலத்தில் கலந்துதான் விற்றார்கள். 1961-க்குப் பிறகே, ஒற்றைச் சரிவின் பெயரைப் புட்டியில் போடும் வழக்கம் மெல்லப் பரவியது.

அந்த வழக்கத்துக்குக் கடைசிவரை இணங்காதவர், பரோலோ ஊரில் இருந்த பார்த்தோலோ மஸ்கரெல்லோ. அவர் நடத்தியது, தந்தை ஜூலியோ 1918-இல் தொடங்கிய ஒயின் நிலவறை. பரோலோவில் கன்னூபி, சான் லொரென்சோ, ருவே என்று மூன்று துண்டுகள், லா மோர்ராவின் ரோக்கேயில் ஒன்று. நான்கும் சேர்ந்து ஒரே ஒயின். கன்னூபி என்ற புகழ்பெற்ற பெயரைத் தனியே அச்சிட்டிருந்தால் விலையைக் கூட்டியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. 1980-களில் இளைய தலைமுறை 225 லிட்டர் கொள்ளும் ‘பாரீக்’ எனப்படும் சிறு ஓக் பீப்பாய்களுக்கு மாறியது. அந்த இளையவர்களில் ஒருவரான எலியோ அல்தாரே தந்தையின் பழைய பெரிய பீப்பாய்களை மரமறுக்கும் இயந்திரத்தால் அறுத்துப்போட்டு, அதனால் சொத்துரிமையையே இழந்த கதை அந்த வட்டாரத்தில் பிரசித்தம். மஸ்கரெல்லோவோ, ‘பாரீக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்’ என்று, இத்தாலியப் பிரதமராக இருந்த பெர்லுஸ்கோனியையும் சேர்த்துச் சாடி, கையால் லேபிள் எழுதி ஒட்டினார். அவர் 2005-இல் மறைந்த பிறகும் மகள் மரியா தெரேசா அதே கலவையைத் தொடர்கிறார்.

பக்கத்திலேயே ஜுசெப்பே ரினால்தியின் குடும்பம். அவர்கள் புருனாத்தே, லே கோஸ்தே என்ற இரண்டு சரிவுகளைக் கலந்து, இரண்டு பெயர்களையும் லேபிளில் சேர்த்தே எழுதிவந்தார்கள். 2010-இல் வந்த விதி, பரோலோவுக்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் உள்ள 181 இடப்பெயர்களில் ஒன்றை மட்டுமே ஒரு புட்டியில் போடலாம் என்றது. விற்பனையில் ஏமாற்று நடக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதியவருக்கே அது வினையாக முடிந்தது. ஒயின்களைப் புதிதாகப் பிரித்துச் சேர்த்து, ஒன்றுக்குப் புருனாத்தே என்றும் மற்றொன்றுக்கு மூன்று தொட்டிகள் என்று பொருள்படும் ‘த்ரே தினே’ என்றும் பெயர் வைத்தார்கள். எனக்கு அந்த இரண்டாவது பெயர்தான் பிடித்திருக்கிறது.

நான் அன்று போன வீடு இவ்வளவு பிரபலமானது அன்று. எழுபது வயதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் நிலவறையின் படிகளில் எனக்கு முன்னே இறங்கினார். ஆள் உயரத்தைவிடப் பெரிய பீப்பாய்கள் வரிசையாக நின்றன. காலியாக இருந்த ஒன்றின் அடியில் இருந்த சிறு கதவைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். பல ஆண்டு ஒயின் படியவிட்ட உப்புப் படிகங்கள் பலகைகளில் கண்ணாடித் தூள்போல மின்னின. அந்தச் சந்துக்குள் மெலிந்த ஒருவர் நுழைந்துதான் அதைத் தேய்த்துக் கழுவுவாராம். பரோலோ குறைந்தது 38 மாதங்கள் காத்திருக்க வேண்டும், அவற்றில் 18 மாதங்களாவது மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும் என்பது சட்டம். இந்த வீட்டில் மூன்று ஆண்டுகள் மரத்திலேயே விட்டுவைக்கிறார்கள்.

ஒவ்வொரு பீப்பாயின் முகப்பிலும் ஒரு சிலேட்டு தொங்கியது. முதல் சிலேட்டில் ஆண்டும் அதன் கீழே சாக்பீஸால் எழுதிய நான்கு சரிவுகளின் பெயர்களும் இருந்தன. அடுத்த ஆண்டின் சிலேட்டில் மூன்று பெயர்களே இருந்தன. கணவரின் தம்பி பிள்ளைகள் தங்கள் பங்கை விற்றுவிட்டார்கள் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். நல்ல சரிவில் ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் போகும்போது அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை.

இரண்டு பீப்பாய்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்துத் தந்தார். நிறம் வெளிறிய செம்மை. முதலில் காய்ந்த ரோஜாவின் வாசனை, பிறகு தார் வாசனை, கடைசியில் ஈறுகளை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு. மூன்று சரிவுகளின் ஒயினும் நன்றாகவே இருக்கிறது என்று உண்மையாகத்தான் சொன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லாமல், நான்கு பெயர்கள் எழுதியிருந்த பீப்பாயின் குழாயை இன்னொரு முறை திறந்தார்.