அப்பா தைத்த துணி

போன வாரம் தகரப் பெட்டியை ஒழித்தபோது அந்தத் துணி கையில் வந்தது. இரண்டு பழைய லுங்கிகளைச் சேர்த்து, நடுவில் இன்னொரு மடிப்பு கொடுத்து, நாலு மூலையிலும் கைப்பிடி வைத்த துணி. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க அப்பா தைத்தது. தையல் உடம்பில் உறுத்தினால் புண் வரும் என்று எல்லாத் தையலையும் வெளிப்பக்கமாக வைத்திருந்தார். கைப்பிடியில் மட்டும் மூன்று வரிசை அடித்திருந்தார். பதினோரு வருஷம் துவைத்தும் ஒரு நூல் விடவில்லை.

எங்கள் வீடு பர்மாவில், ரங்கூனுக்கு அக்கரையில் உள்ள தான்லினில். அப்பாவுக்குத் தையல் வேலை ரங்கூனில். ஊர்ப் பெயர் யாங்கோன் என்று மாறிய பிறகும் அவர் வாயில் அது ரங்கூன்தான். 1993ல் பாலம் திறக்கும்வரை தினமும் படகில் ஆற்றைக் கடந்து போய்வந்தார். வெள்ளிக்கிழமை என்றால் காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீடு. அம்மாவுக்குக் குங்குமம், எங்களுக்குச் சுண்டல்.

1964ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டும் செல்லாமல் போனது. பெரியப்பாக்கள் இருவரும் மெட்ராஸுக்குக் கப்பலேறினார்கள். அப்பாவுக்கு இருபது வயசு. பாட்டிக்குக் கண் தெரியாது, கப்பலேற மாட்டேன் என்று விட்டார். "ஆத்தாவ யாரு பாக்குறது?" என்று அப்பா இங்கேயே நின்றுவிட்டார். பிறகு ஒருநாளும் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு 2006ல் பக்கவாதம் வந்தது. அப்பா மறுவாரமே தையல் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் போட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டார். ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அலாரம். நான் எழுந்தால், "நீ தூங்கு தாயி, காலையில வேலைக்குப் போகணும்" என்பார். அம்மா உடம்பில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை.

கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்டுவார். படுத்தபடி கொடுத்தால் புரையேறிவிடும். அப்புறம் பர்மாக்காரர்கள் முகத்தில் பூசும் தனாக்கா கட்டையைக் கல்லில் உரைத்து, இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசுவார். அம்மாவால் பேச முடியாது. பூசும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

முன்பு அப்பா பூஜைக்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். இப்போது திருநீறு, கற்பூரம், ஒரு பதிகத்தில் பாதி, அவ்வளவுதான். பங்குனி உத்திரத்துக்குத் தவறாமல் காவடி எடுத்தவர் அதையும் விட்டார். பூசாரி கேட்டபோது, "முருகனுக்கு என் நெலம தெரியும் சாமி" என்றார். எனக்கு அந்த ராத்திரிக் கண்விழிப்பும் காவடியாகத்தான் பட்டது.

வீட்டைவிட்டு அவர் போனதெல்லாம் பௌர்ணமியன்று ஷ்வேடகோன் புத்தர் கோயிலுக்கு. அங்கே பிறந்த கிழமைக்கு ஒரு மூலை, அதற்கொரு விலங்கு உண்டு. அம்மா செவ்வாய்க்கிழமை பிறந்தவள். செவ்வாய்க்குரிய சிங்க மூலையில், அம்மாவின் வயசுக்கு ஒன்று கூட்டி, கிண்ணம் கிண்ணமாகப் புத்தருக்குத் தண்ணீர் ஊற்றுவார். தனக்குரிய சனிக்கிழமை மூலைப்பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை என்று கூடப் போன தம்பி சொன்னான்.

2008 மே 2 ராத்திரி நர்கிஸ் புயலில் எங்கள் வீட்டுத் தகரம் பறந்தது. அம்மாமேல் தார்ப்பாயைப் போர்த்தி, விடியும்வரை அதன்மேல் கவிழ்ந்து பிடித்துக்கொண்டிருந்தார். கடிகாரம் நனைந்து நின்றுவிட்டது. அந்த இருட்டிலும் குத்துமதிப்பாக நேரம் பார்த்து, "இப்பப் புடி" என்று என்னைக் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லித் திருப்பினார்.

அம்மா 2017 தை மாதம் போனாள். அப்பா இன்னும் நாலு வருஷம் இருந்தார். அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். நடுராத்திரியில் பாட்டுச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். விளக்கேற்றி வைத்து மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார். "தூங்கலையாப்பா?" என்றேன். "பாதி பாதியா விட்டதெல்லாம் பாக்கி இருக்குல்ல தாயி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டை எடுத்தார். இரண்டு மணிக்கு அலாரம் அடித்தது. பாட்டை நிறுத்தி, கட்டில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, விட்ட அடியிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.