பள்ளியில் கட்டாயமில்லை, என் வகுப்பில் ஏன்?

2022 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை முதல், சிங்கப்பூரில் கட்டடங்களுக்குள்ளும் கோவிட் முகக்கவசம் கட்டாயமில்லை என்று ஆனது. பள்ளிகளுக்கும் அதேதான். தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னதை 24ஆம் தேதி கோவிட்டுக்கான அமைச்சுகள்நிலைப் பணிக்குழு (பல அமைச்சுகள் சேர்ந்த குழு) உறுதிசெய்தது. என் வீட்டில் நடக்கும் தமிழ் வகுப்பில் மட்டும் எல்லாரும் தொடர்ந்து போட வேண்டும் என்றேன். அன்று இரவே என் துணைப்பாட வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அம்மா கேட்டுவிட்டார்: "ஸ்கூல்லயே வேணாம்னு சொல்லிட்டாங்க டீச்சர், உங்க வகுப்புக்கு மட்டும் ஏன்?" நியாயமான கேள்வி. நாலு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தளர்வு வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அப்போது தொடக்கநிலை இரண்டில் இருந்த பிள்ளைகள், பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அதுவரை வகுப்பறைக்குள் ஆசிரியரின் வாயைப் பார்த்ததே இல்லை. ழகரத்துக்கு நாக்கு எப்படி மடிகிறது என்று காட்டாமல் அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இரண்டு வருடமாக நான் பட்ட பெரிய பாடு அது.

ஆனால் அந்த முகக்கவச விதி ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. உடம்பு பலவீனமானவர் வாய்திறந்து கேட்காமலேயே அவருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அவர் கேட்டால்தான் கிடைக்கும்.

என் வகுப்பில் எட்டுப் பேர். அவர்களில் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை நடக்கிறது. (அவள் அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) பெரிய சிகிச்சை முடிந்துவிட்டது. முடி வளர்ந்துவிட்டது, பள்ளிக்கும் போகிறாள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் இதன் கடைசிக் கட்டம் இரண்டு ஆண்டு அளவுக்கு நீளும். தினமும் சாப்பிடும் மாத்திரைகள் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துத்தான் வைத்திருக்கும். இன்னொரு பையனின் தங்கைக்கு மூன்று வயது. ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு 2021 டிசம்பரிலிருந்து தடுப்பூசி போட்டார்கள், அவளுக்கு அப்போது கிடையாது. அப்புறம், வகுப்பு நடக்கும் கூடத்துக்கு அடுத்த அறையில் என் மாமியார் இருக்கிறார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் (ரத்தச் சுத்திகரிப்பு). கூடுதல் தடுப்பூசிகளும் போட்டாகிவிட்டது. ஆனாலும் கிருமித்தொற்று வந்தால் "வீட்டிலேயே படுத்து ஓய்வெடுங்கள்" என்று அவரிடம் சொல்ல முடியாது. டயாலிசிஸை அவர் தள்ளிப்போட முடியாது.

'அந்தப் பிள்ளை மட்டும் போட்டுக்கொள்ளட்டுமே' என்றார் இன்னொருவர். அவள் போடத்தான் போகிறாள். ஆனால் இருமுகிற பக்கமும் போட்டால்தான் காப்பு பலமாக இருக்கும். அதைவிட, எட்டுப் பேரில் ஒருத்தி மட்டும் போட்டிருந்தால் மற்ற ஏழு பேரும் "ஏன்?" என்று கேட்பார்கள். பதினொரு வயதில் ஒரு பிள்ளை வாராவாரம் தன் நோயை விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? எல்லாரும் போட்டால் அந்தக் கேள்வியே வராது. ழகரம் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் நான் வாசலருகே தள்ளி நின்று, கழற்றிக் காட்டுகிறேன்.

2022இல் அந்தத் தளர்வுக்குப் பிறகும் எம்ஆர்டி ரயிலிலும் பொதுப் பேருந்திலும் முகக்கவசம் கட்டாயமாக இருந்தது. மருத்துவமனை, தாதிமை இல்லம் (முதியோர், நோயாளிகள் பராமரிப்பு இல்லம்) போன்ற இடங்களிலும் அப்படியே. பள்ளிப் பேருந்தில் கட்டாயம் இல்லை. சன்னல் மூடி, ஏர்கான் போட்டு ஓடும் வண்டிதான் அதுவும். பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முகக்கவசத்தைவிட இதற்குத்தான் யாரும் கவனம் கொடுப்பதில்லை. வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் நாம் மாட்டியிருக்கும் ஏர்கான் பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. எட்டுப் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் விட்ட மூச்சு அங்கேயே சுற்றும். பள்ளி வகுப்பறைகள் பலவற்றில் சன்னல் திறந்திருக்கும், விசிறி ஓடும். கண்ணாடிக் கதவு சாத்திய துணைப்பாட நிலையங்களில் அது நடக்காது. நான் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். வாசல் கதவையும் சமையலறைச் சன்னலையும் திறந்து, மேசை விசிறியைச் சன்னலை நோக்கி வைத்ததும் புகை நேராக வெளியே போனது. விசிறி இனி அங்கேதான் இருக்கும். அறை கொஞ்சம் புழுங்கும், தண்ணீர் போத்தல் கொடுத்தனுப்புங்கள்.

கடைசியாக, காய்ச்சல், இருமல். ஏஆர்டியில் (வீட்டிலேயே செய்யும் கோவிட் சோதனையில்) முதல் நாள் ஒரு கோடு, அதாவது தொற்று இல்லை, மறுநாள் இரண்டு கோடு, அதாவது தொற்று உண்டு என்பது இப்போது சாதாரணம். ஆகவே ஒரு கோடுதானே என்று இருமும் பிள்ளையை அனுப்ப வேண்டாம். ஏன் அனுப்புகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். செப்டம்பர் இறுதியில் பி.எஸ்.எல்.இ. (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுத்துத் தேர்வு தொடங்குகிறது, ஒரு வகுப்பை விட மனசு வராது. கட்டிய பணமும் வீணாகும். இரண்டுக்கும் வழி செய்கிறேன். உடம்பு சரியில்லாத பிள்ளை வர வேண்டாம். அந்த வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. முடிகிற பிள்ளைகள் ஸூமில் சேர்ந்துகொள்ளலாம், முடியாதவர்களுக்குப் பயிற்சித்தாளை அன்று மாலையே அனுப்பிவிடுகிறேன். காலையில் ஒரு குறுஞ்செய்தி போட்டால் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை.