'இஸ்' எங்கே போனது?

தினமும் காலையில் ஒரு நோட்டில் 10 ஆங்கில வாக்கியம் எழுதுகிறேன். முதல் வாரம் முழுக்க ஒரே தப்புதான். 'மை சிஸ்டர் டாக்டர்' என்று எழுதிவிட்டு, சரிதான் என்று அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். தமிழில் 'அக்கா டாக்டர்' என்றாலே வாக்கியம் முடிந்துவிடும், வினைச்சொல்லே வேண்டாம். ஆங்கிலத்தில் அந்த இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு 'இஸ்' கட்டாயம். இப்படிச் சேர்த்துவைக்கும் சொல்லுக்கு இணைப்பு வினை என்ற பெயர் எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் எல்லாமும் சில இடங்களில் இதே வேலையைச் செய்யும். சந்தேகம் வந்தால் அங்கே 'இஸ்' போட்டுப் படித்துப் பார்ப்பேன். 'தி சூப் டேஸ்ட்ஸ் குட்' என்பதில் 'இஸ்' பொருந்துகிறது. அதனால் பின்னால் 'குட்' வரும், 'வெல்' வராது. 'ஷி டேஸ்டட் தி சூப்' என்பதில் பொருந்தாது. அங்கே அவள் ருசி பார்க்கிறாள், அது செயல்.

காலம்தான் இன்னும் படுத்துகிறது. '5 வருஷமாக வேலை செய்கிறேன்' என்பது நமக்கு நிகழ்காலம். அதை அப்படியே 'ஐ ஆம் வொர்க்கிங்' என்று எழுதினேன். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றுதான் வர வேண்டும்: அன்றைக்குத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. 'யெஸ்டர்டே' இருந்தாலோ 'ஹேவ் சீன்' கூடாது, 'பார்த்தேன்' என்பதற்கு வெறும் 'ஐ சா' போதும்.

இப்போதெல்லாம் காலத்தைக் காட்டும் சொல்லை முதலில் வட்டமிட்டுவிட்டுத்தான் வினையைத் தொடுகிறேன். நேற்று 10க்கு 8 சரி. தவறிய இரண்டிலும் 'அன்றிலிருந்து' என்று காலத்தைக் காட்டும் 'சின்ஸ்' இருந்தது.