ஒப்புதல் படிவத்தில் இல்லாமல் போன ஒரு வரி

எங்கள் ஆய்வுக் கட்டுரை ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. நிம்மதிதான், ஆனால் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. நாங்கள் மூன்று பேர்: வலிக்குச் சிகிச்சை தரும் டாக்டர் ஒருவர், புள்ளியியல்காரர் ஒருவர், இலக்கிய ஆய்வு செய்யும் நான். துறைகள் கைகோக்க வேண்டும் என்று பேசாத கருத்தரங்கம் இல்லை. அப்படிக் கைகோத்துச் செய்த ஆய்வை எந்தப் படிவத்தில் எழுதித் தருவது என்று கேட்டால்தான் ஒருவரிடமும் பதில் இல்லை. இதே பாதையில் வரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆய்வு இதுதான். உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியலில் வலியைச் சொல்ல 78 சொற்கள், 20 தொகுதிகளாக இருக்கின்றன. நோயாளி அவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பார். பட்டியலையே காட்டாமல், "உங்க வலி எப்படி இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்று விட்டால் என்ன சொல்வார்கள்? பூஜ்யம் முதல் பத்து வரை தரும் வலி மதிப்பெண்ணோடு அந்தப் பேச்சு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது? இதை ஒரு துறை மட்டும் தனியாகச் செய்ய முடியாது.

முதல் முட்டுக்கட்டை, மனிதர்கள் மேல் நடக்கும் ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டியின் அலுவலகம். விண்ணப்பத்தில் 'சாம்பிள் சைஸ் கணக்கீடு' என்று ஒரு கட்டம்: எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பீர்கள், அந்த எண் எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். எங்களுடையது நேர்காணல் ஆய்வு. புதிதாக எதுவும் வராத நிலை வரை ஆட்களிடம் பேசுவோம், அங்கே நிறுத்துவோம். அதற்கு முன்கூட்டியே ஒரு சூத்திரம் கிடையாது. "கட்டம் காலியா இருந்தா ஃபைல் கமிட்டிக்கே போகாது மேடம்" என்று அங்கிருந்தவர் திருப்பித் தந்துவிட்டார். விளக்கம் எழுதிக் கொடுத்தோம், மறுபடி திரும்பியது. கடைசியில் கைகொடுத்தது கோரெக் (COREQ). நேர்காணல், குழு உரையாடல் வகை ஆய்வுகளுக்காக 2007-இல் வந்த 32 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் அது. அதைப் பூர்த்தி செய்து இணைத்து, கட்டத்துக்குள் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதினோம். ஃபைல் உள்ளே போனது. எண்ணிக்கை சாராத ஆய்வோடு மருத்துவப் பக்கம் போகிறவர்கள் இந்தப் பட்டியலை முதல் நாளே கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு என்று அவர்கள் மொழியில் காட்டுவது அதுதான்.

ஆனால் உண்மையான அடி, நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில் விழுந்தது. அலுவலகம் தரும் மாதிரிப் படிவம் மருந்துச் சோதனைக்கென்று தயாரித்தது. பக்கவிளைவு, ரத்த மாதிரி எல்லாம் இருக்கும். கடைசியில் ஒரு வரி: 'தகவல்கள் தொகுக்கப்பட்ட வடிவில் மட்டுமே வெளியிடப்படும்.' மருந்துச் சோதனைக்கு அது சரி. எனக்கோ ஒருவர் வாயிலிருந்து வந்த வாக்கியம்தான் தரவு. அதைத் தொகுத்தால் ஆய்வே மிஞ்சாது. அப்போதே கேட்டேன். "எல்லாரும் இதைத்தான் யூஸ் பண்றாங்க, மாத்த முடியாது" என்று பதில் வந்தது. அப்படியே நடத்தி முடித்தோம்.

பின்னால் ஜர்னலிலிருந்து கேள்வி வந்தது: இந்த நேரடி மேற்கோள்களை அச்சிட நோயாளிகளின் ஒப்புதல் இருக்கிறதா? இல்லை. எல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. விதியை நான் குறை சொல்லவில்லை. மனிதர்கள் மேல் நடக்கும் ஆய்வுக்கு விவரம் தெரிந்து தரும் சம்மதம் வேண்டும் என்பதை 1964-இன் ஹெல்சிங்கி பிரகடனமே அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அந்தச் சம்மதம் என் நோயாளிகளுக்கும் உரிமைதான். அதைக் கேட்பதற்கு ஒரு வரி சேர்க்க விடாததுதான் என் ஆத்திரம். திருத்த விண்ணப்பம், புதுப் படிவம், ஒவ்வொருவரிடமும் மறுபடி கையெழுத்து. சிலரைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. அவர்கள் சொன்ன வாக்கியங்களைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டோம். அவற்றில் மிக நல்லவை இரண்டு மூன்று இருந்தன. அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது.

ஒரு அம்மா மட்டும் புதுப் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டு, "பேரு வேண்டாம்மா. ஆனா நான் சொன்னதை அப்படியே போடு" என்றார். அவர் சொன்னது: "எலும்புக்குள்ள யாரோ ஈரத்துணியைப் பிழியற மாதிரி இருக்கு." அவருடைய வலி மதிப்பெண் வெறும் 4. மருத்துவக் கோப்பில் அந்த 4 மட்டும்தான் இருந்தது.

ஜர்னல் தேடியது தனிக் கதை. இலக்கிய ஜர்னலில், முறை, முடிவு, விவாதம் என்று பிரித்து எழுதினால் வாதம் எங்கே என்று கேட்டார்கள். மருத்துவ ஜர்னல் நீண்ட காலம் வைத்திருந்து, ரிவ்யூவுக்கே அனுப்பாமல், எங்கள் எல்லைக்குள் வரவில்லை என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டது. இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு: சப்மிட் செய்வதற்கு முன்பே சுருக்கத்தை மட்டும் எடிட்டருக்கு அனுப்பி, உங்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டுவிடுங்கள். பல எடிட்டர்கள் பதில் தருகிறார்கள். மருத்துவமும் இலக்கியம் போன்ற கலைத்துறைகளும் சேரும் ஜர்னல் ஒன்றை அப்படித்தான் பிடித்தோம். இடையில், பணம் கட்டினால் உடனே போடுகிறோம் என்று வந்து குவியும் அழைப்பு மின்னஞ்சல்களைத் தொடவே தொடாதீர்கள். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் ஜர்னல் என்றால், அத்தகைய ஜர்னல்களைச் சரிபார்த்துச் சேர்க்கும் டிஓஏஜே (DOAJ) பட்டியலில் இருக்கிறதா, மருத்துவம் என்றால் மெட்லைன் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரிவ்யூ இரண்டு வந்தன. ஒருவர், மேற்கோள் நூல்கள் பழையவை, கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வந்தவற்றைத் தாருங்கள் என்றார். இலக்கியத்தில் நூறாண்டுப் பிரதிதான் மூல ஆதாரம், அதைப் புதிதாக்க முடியாது. இன்னொருவர் அட்டவணைகளே வேண்டாம் என்றார். இரண்டையும் நிறைவேற்ற முயன்றால் கட்டுரை உருக்குலைந்துவிடும். பதில் கடிதத்தில் இருவர் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்து, நாங்கள் எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று எழுதி, முடிவை எடிட்டரிடம் விட்டோம். அவர் எங்கள் பக்கம் நின்றார்.

பெயர் வரிசையில் மனஸ்தாபம் வரும், எதிர்பாருங்கள். கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசை, மருத்துவத்தில் கடைசி இடம் மூத்தவருக்கு, இலக்கியத்தில் பெரும்பாலும் ஒரே பெயர். மூன்று பழக்கம் மூன்று மனக்கணக்கு. 14 பங்களிப்பு வகைகள் கொண்ட கிரெடிட் பட்டியலை எடுத்து, யார் எதைச் செய்தோம் என்று உட்கார்ந்து எழுதிய பிறகுதான் பேச்சு தணிந்தது. இதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவிடுவது உத்தமம். மேற்கோள் பாணியை, மருத்துவ ஜர்னல்கள் பயன்படுத்தும் எண் வரிசைப் பாணியான வான்கூவருக்கு மாற்றும் வேலை, ஜோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருள் இருந்ததால் சீக்கிரம் முடிந்தது.

கடைசிச் சோதனை, அச்சுக்கு முன் நாம் சரிபார்க்க வரும் ப்ரூஃபில். திருத்துபவர் நோயாளிகளின் வாக்கியங்களை எல்லாம் இலக்கணம் திருத்தி வைத்திருந்தார். அந்த அம்மாவின் ஈரத்துணி, 'பிழிவது போன்ற வலி' என்று ஆகியிருந்தது. ஒவ்வொன்றையும் பழையபடி மாற்றி, பக்கத்தில் காரணமும் எழுதி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். ப்ரூஃபுக்கு அவகாசம் மிகக் குறைவாகத்தான் தருவார்கள். பெயர்களையும் அட்டவணைகளையும் பிறகு பாருங்கள், மேற்கோள் குறிக்குள் இருப்பதை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு முதலில் பாருங்கள்.